இரண்டு நிமிடத்துக்குள் என் தம்பி

1

இந்த வசந்தம் முழுக்க நான் ஒரு சாவைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறை மேடையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசுவேன். என் பெயர் இன்னது, நான் உங்கள் தொகுதிக்காரன், என் தம்பிக்கு வலிப்பு நோய் இருந்தது. இவ்வளவு சொல்வதற்குள் பதினைந்து நொடி போய்விடும். அவனுக்குப் பதினேழு வயது, ஊர் தென்காசி, பக்கத்தில் குற்றாலம் என்று ஓர் இடம், அங்கே அருவி என்பதற்குள் இன்னும் இருபது. அருவியைச் சொன்னால் சாரலைச் சொல்லாமல் எப்படி? சாரலைச் சொன்னால் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். மணி அடித்துவிடும். தம்பி இன்னும் உயிரோடு, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பேரருவிக்குப் போகிற பாதையில் நின்றுகொண்டிருப்பான். பல காலைகளில் அவனை அப்படியே அங்கே நிறுத்திவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது என்ன கூத்து என்று தோன்றும். நம் பக்கம் எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மனு, ஒரு சால்வை, அவருக்கு வேண்டப்பட்ட ஓர் அண்ணாச்சி, இந்த மூன்றும் இருந்தால் போதும். இந்தச் சோளக்காட்டு மாநிலத்தில் வேறு முறை. நோயாளிகளுக்காக நடக்கும் சங்கம் ஒன்று, வருடத்தில் ஒரு நாள், எங்களைப் போன்றவர்களைத் திரட்டித் தலைநகரத்துச் சட்டமன்றத்துக்கு அழைத்துப்போகிறது. ஆளுக்கு ஓர் உறுப்பினர். பத்து நிமிடச் சந்திப்பு. அதில் கதைக்கு இரண்டு நிமிடம்.

அதற்குப் பயிற்சி உண்டு. சனிக்கிழமைகளில் கணினித் திரையில் டோனா வருவார். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வலிப்பில் மகனை இழந்தவர். அவருடைய விதிகள்: ஒரே ஆள், ஒரே காட்சி, ஒரே கோரிக்கை. முதலில் உங்கள் அஞ்சல் எண்ணைச் சொல்லுங்கள், அதுதான் ஓட்டு, அதற்குத்தான் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ‘ஃபிட்ஸ்’ என்று சொல்லாதீர்கள், இங்கே யாருக்கும் புரியாது. அழுகை வந்தால் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள், காத்திருப்பார்கள். ஆனால் கோரிக்கையைச் சொல்லாமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒரே வரி. ஒரு நோயாளிக்கு ஒத்துப்போகிற மருந்தை, அவருடைய மருத்துவர் சொல்லாமல், காப்பீட்டு நிறுவனம் நடுவில் மாற்றக் கூடாது.

2

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், மகள்.

மதிவதனிக்கு இருபத்து நான்கு வயது. பதினாறில் முதல் வலிப்பு. மூன்று மருந்துகள் தோற்று, நான்காவது மருந்தில் அடங்கியது. இரண்டு வருடம் நான்கு மாதமாக ஒன்றுமில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் அவள் வேலைக்குப் போனாள், ஓட்டுநர் உரிமம் வாங்கினாள், ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மண் பரிசோதனைக் கூடத்துக்குத் தானே கார் ஓட்டிப் போய்வந்தாள். பிப்ரவரியில் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. ஜூலை முதல் அந்த மருந்து அவர்கள் பணம் கட்டுகிற பட்டியலில் இருக்காது; கைக்காசில் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு ‘நிகரான’ வேறொன்று தரப்படும்.

அது அவள் உடம்பில் ஏற்கெனவே தோற்ற மூன்றில் ஒன்று.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அவளுக்கு வேலை நாள் என்பதால் படிவத்தை நான் நிரப்பினேன். அவள் பிறந்தது ஏப்ரல் ஒன்பது. பதற்றத்தில் நம் ஊர் வழக்கப்படி நாளை முதலில் எழுதி, மாதத்தை அடுத்து எழுதிவிட்டேன். இங்கே மாதம்தான் முதலில். அவர்கள் கணினிக்கு அவள் செப்டம்பரில் பிறந்தவளாகிவிட்டாள், அப்படி ஓர் ஆள் அவர்களிடம் இல்லை. மூன்று வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை சரியாக எழுதி அனுப்பியபோது கெடு முடிந்திருந்தது. தொலைபேசியில் ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, நாற்பது நிமிடம் பியானோ கேட்ட பிறகு ஒரு குரல் மிகுந்த கனிவோடு சொன்னது: “உங்கள் நிலை எனக்குப் புரிகிறது ஐயா.” வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பயந்தால் என் கை இன்னும் தென்காசிக்குப் போய்விடுகிறது.

ஆகவேதான் டோனாவின் வகுப்பு. மகளின் கதையையே சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

“நோ அப்பா,” என்றாள். “என் பேரு எங்கயும் வரக்கூடாது.”

“உனக்காகத்தானே போறேன்.”

“ஆபீஸ்ல நான் மேடி. மேடிக்கு ஒண்ணுமே கிடையாது. அது அப்படியே இருக்கட்டும். வேணும்னா சித்தப்பா ஸ்டோரி சொல்லுங்க. அவரு வாட்டர்ஃபால்ஸ்ல வழுக்கி விழுந்தாருல்ல? எபிலெப்ஸி இருந்துச்சுல்ல? ரெண்டையும் சேத்துச் சொன்னா வொர்க் ஆகும்.”

ரெண்டையும் சேர்த்து. அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். முப்பது வருடமாக நான் சேராமல் பார்த்துக்கொண்ட இரண்டு அவை.

3

தம்பியின் பெயர் குற்றாலிங்கம். எங்களுக்கு லிங்கம். எனக்கும் அவனுக்கும் ஐந்து வயது வித்தியாசம். பதினோரு வயதில், இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில், கணக்குப் பரீட்சை நடுவில் பெஞ்சிலிருந்து விழுந்தான். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். காசில்லாமல்தான் கொடுத்தார்கள். போட்டான், நின்றது. ஆனால் கொஞ்சம் மந்தமானான், பகலில் தூங்கினான், பாதிப் பேச்சில் என்ன சொல்ல வந்தோம் என்று மறந்து சிரித்தான். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நோயை விட மருந்துதான் பிள்ளையைத் தின்கிறது என்று நினைத்தாள்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு வைத்தியரைச் சொன்னார்கள். அவர் நாடி பார்த்து, தலையில் சூடு என்றார். சாரல் காலத்தில் ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்து அருவி உச்சந்தலையில் விழ வேண்டும். பத்தியம் உண்டு. பத்தியத்தில் முதல் விலக்கு இங்கிலீஷ் மருந்து. அம்மா மாத்திரை அட்டைகளை ஒரு துணியில் முடிந்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே அவனைத் தினம் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகிற வேலை எனக்கு. காலை பஸ். ஆடி மாதக் கூட்டம். மலை மேகத்துக்குள் போய்விட்டிருக்கும். எண்ணெய் தேய்க்கும் பரமசிவம் அண்ணாச்சி கல்லில் அவனை உட்காரவைத்துத் தட்டித் தட்டித் தேய்ப்பார்.

“அண்ணே, இப்ப என்னைய யாராலயும் பிடிக்க முடியாது,” என்பான் லிங்கம். “போலீஸ் பிடிச்சாலும் வழுக்கிட்டுப் போயிருவேன்.”

“அப்பாட்ட சொல்லட்டாலே?” அப்பா அப்போது ஏட்டு.

“சொல்லேன். அவியளே எண்ணெ தேய்ச்சிட்டுத்தான் ஸ்டேஷன்ல தூங்குதாக.”

பரமசிவம் அண்ணாச்சி சிரித்துவிட்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, சீக்குப் பிள்ளையக் கூட்டத்துக்குள்ள விடாதிய. ஓரமா உக்கார வச்சு ரெண்டு வாளி ஊத்திக் கூட்டிட்டுப் போங்க.”

“தலையில விழணும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு அண்ணாச்சி.”

“வைத்தியர் அருவியப் பாத்திருக்காரா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேய்க்கப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள். பேரருவி. அருவிக்கடியில் பிடித்துக்கொண்டு நிற்க இரும்புக் கம்பி உண்டல்லவா, அதற்குப் பக்கத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. முதலில் ஆடுகிறான் என்று நினைத்தார்கள், சுற்றி எல்லோருமே கூத்தாடிக்கொண்டிருந்ததால். விழுந்த பிறகுதான் தெரிந்தது. யாரோ சொன்னார்கள், “வலிப்புலே. இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க.”

உங்களுக்குத் தெரியும். நம் பக்கம் தெருவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் பத்துக் கை சாவிக்கொத்தை நீட்டும். கையில் இரும்பு இருந்தால் நின்றுவிடும் என்பது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத அறிவு. ஆனால் அருவிக்கடியில் யாரிடம் சாவி இருக்கும்? எல்லோரும் ஈரத் துண்டோடு நிற்கிறார்கள். ஆண்கள் தங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். அப்போது நான் கம்பியைப் பார்த்தேன்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கம்பியைப் பிடிக்கவைத்தேன். எண்ணெய் வழுக்கியது. அதனால் என் இரண்டு கையாலும் அவன் கையைக் கம்பியோடு சேர்த்து இறுக்கினேன். அவன் மல்லாந்து கிடந்தான். முகத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை நான் திருப்பவில்லை. அவனை வெளியே இழுக்கவில்லை. என் வேலை கையைப் பிடித்திருப்பது. இரும்பைக் கண்டுபிடித்தவன் நான் என்று ஒரு பெருமை கூட அந்தக் கணத்தில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பரமசிவம் அண்ணாச்சி ஓடிவந்து என்னை அறைந்து பிரித்தபோது அவன் உடம்பு அடங்கியிருந்தது. நான் வலிப்பு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் கால் வழுக்கி விழுந்தான் என்று சொன்னேன். வலிப்பு என்று சொன்னால் அம்மாவுக்கு அரிசி டிரம் ஞாபகம் வரும். அப்பா என் முகத்தை ஒரு முறை பார்த்தார். ஸ்டேஷன் தாளிலும் கால் வழுக்கி என்றே எழுதவைத்தார். அடுத்த வருடம் நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். கிளம்பிக்கொண்டே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சென்னை, பம்பாய், பிறகு இங்கே.

4

இரண்டாம் சனிக்கிழமை வகுப்பில் நான் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் மருந்து கிடைக்கவில்லை என்றேன். மருந்தில்லாத ஏழைப் பிள்ளை, ஒரு நாள் அருவியில் வலிப்பு வந்து இறந்துபோனான். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. கச்சிதம். திரையில் எல்லாச் சதுரங்களும் தலையாட்டின. டோனா நெஞ்சில் கை வைத்தார். இந்தியா, ஏழை, மருந்தில்லை: எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எனக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்தார்கள்.

மாடிப்படியில் மகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்பா, தென்காசில மருந்தே கிடைக்காதா? ஆச்சி வீட்டு டப்பா பூரா மாத்திரைதானே இருக்கும்?”

“அப்ப கிடைக்கல.”

“ரியலி?”

அவள் கேட்கிற ‘ரியலி’யில் எப்போதும் ஒரு சின்ன ஊசி இருக்கும். நான் கணினியை மூடிவிட்டு, கிடைத்தது என்றேன். நிறுத்திவிட்டோம் என்றேன். வழுக்கி விழவில்லை என்றேன். கம்பியைச் சொல்லவில்லை.

“யாரு நிறுத்துனா?”

“வீட்ல.”

“வீட்லன்னா?”

நான் கணினி வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் நாங்கள் வானிலை மட்டும் பேசினோம்.

டோனாவைத் தனியாக அழைத்து, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. அவர் தன் மகனின் கதையைப் பதினோரு வருடமாக அதே கட்டடத்தில் சொல்லிவருகிறார், ஒரு நிமிடம் நாற்பது நொடியில். உங்களால் எப்படி முடிகிறது என்று கேட்டேன். “முதல் மூன்று வருடம் அழுதேன். அதற்குப் பிறகு அது என் மகனைப் பற்றியதாக இல்லை. அதுதான் இதற்கு நாம் கொடுக்கும் விலை,” என்றார். பிறகு ஆசிரியைக் குரலுக்குத் திரும்பினார். “உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அருவியையும் வைத்தியரையும் கேட்டு, இது வேறு நாட்டு விஷயம் என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒரே வாக்கியத்தில் இங்கே இழுத்து வாருங்கள்.”

அந்த வாக்கியத்தை அன்றே எழுதினேன்: மருந்தை நிறுத்தச் சொன்ன எவரும் அவனுடைய மருத்துவர் அல்ல.

எழுதிவிட்டேன். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்தில் அம்மா இருக்கிறாள். வயது எண்பத்தொன்று. உயிரோடிருக்கிறாள்.

5

இங்கே காலை ஏழு, அங்கே விளக்கேற்றுகிற நேரம். அழைத்தேன்.

“ஏய்யா, சாப்டியா?”

“இப்பதானம்மா விடிஞ்சிருக்கு.”

“எனக்கு எப்பமும் மறந்து போவுது. இங்கன வெயிலு கொளுத்துது. சாரல் இன்னும் எட்டிப் பாக்கல. அருவி காஞ்சு பாறை தெரியுதுன்னு சொல்லுதாக.”

விஷயத்தைச் சொன்னேன். மதிக்கு மாத்திரையை மாற்றுகிறார்கள், அதைத் தடுக்க ஒரு சட்டம் கேட்கிறோம், சட்டசபைக்குப் போய்ப் பேச வேண்டும்.

“மாத்துதாகளா? டாக்டரா மாத்துதாரு?”

“டாக்டர் இல்லம்மா. இன்சூரன்ஸ்காரங்க.”

“அவன் யாரு மாத்துததுக்கு?”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். தெருவில் ஒரு பைக் போகிற சத்தம் கடல் கடந்து கேட்டது.

“லிங்கத்தப் பத்திப் பேசப் போறியோ?”

“உங்களக் கேட்டுக்கிடணும்னுதான்...”

“வழுக்கி விழுந்தான்னுதான சொன்னே.”

“ஆமா.”

“வழுக்கி விழுந்தவன் நாக்கக் கடிச்சிருப்பானா?” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. “முகம் தொடச்சது நாந்தானய்யா. வாயத் தொறந்து பாத்தேன்.”

ஏன் இத்தனை வருடமாகக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“எனக்காவப் பொய் சொல்லுத. அதையும் நான் பிடுங்கிட்டா உங்கிட்ட என்ன இருக்கும்? உங்கப்பாவுக்கும் தெரியும். அவியளும் கேக்கல.” மூச்சு வாங்கினாள். “போய்ச் சொல்லு. பெத்தவ மாத்திரைய அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சான்னு சொல்லு. பேரு கேட்டா பேரையும் குடு. அந்தப் பிள்ளைக்கு மாத்திர நிக்கக்கூடாது. அங்கன உள்ளவங்க என்னைய வந்து பாக்கவா போறாக?”

கம்பியைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தது நினைவிருக்கிறது.

“இரு, பால்காரர் கூப்பிடுதாரு,” என்று வைத்துவிட்டாள்.

6

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சலவைக்கல் கட்டடம். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். மகள் கூட வந்தாள், கார் ஓட்ட மட்டும் என்ற நிபந்தனையோடு. சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொள்ள மாட்டேன் என்றாள்.

உறுப்பினர் வாக்கெடுப்புக்குப் போய்விட்டார். அறையிலும் வேறு கூட்டம். அவருடைய உதவியாளர், மகள் வயதுப் பெண், எங்களை நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்துக் குறிப்பேட்டைத் திறந்தாள். ஆறு நிமிடம் இருக்கிறது என்று வருத்தப்பட்டாள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போனார்கள்.

அஞ்சல் எண்ணைச் சொன்னேன். தம்பி பெயரைச் சொன்னேன். என் தாய் மருந்தை நிறுத்தினாள், நிறுத்தச் சொன்னவர் அவனுடைய மருத்துவர் அல்ல என்றேன். அதோடு நிறுத்திக் கோரிக்கைக்குப் போக வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் வாய் நிற்கவில்லை. கம்பி வந்துவிட்டது. எண்ணெய், விரல்கள், மல்லாந்த முகம், என் இரண்டு கை. முப்பது வருடமாக வீட்டார் யாரிடமும் சொல்லாததை, பெயர் கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத ஒரு பெண்ணிடம், அவள் மொழியில், இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் குழப்பிச் சொன்னேன். என் கைபேசி மணி பையிலிருந்து அடித்து அடங்கியது.

உதவியாளரின் பேனா நின்றிருந்தது. “ஏன் இரும்பு?” என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பக்கத்திலிருந்து மகள் பேசினாள். நிதானமாக, கூடத்தில் மண் மாதிரியைப் பற்றிப் பேசுவது போல. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், எதையும் பிடிக்கவைக்கக் கூடாது, அது அவருக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகு, “மாத்திரை சாப்பிடுவது நான்தான். ஜூலையில் மாற்றப்போவது என்னுடையதை. நானும் இதே தொகுதி,” என்றாள். எழுத்தெழுத்தாகத் தன் முழுப் பெயரையும் சொன்னாள். மேடி இல்லை. மதிவதனி. உதவியாளர் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போதும் மகள்தான் ஓட்டினாள். இருபது மைல் தாண்டிக் கேட்டாள்: “ஆச்சிக்குத் தெரியுமா?”

“அது தெரியாது.”

“சொல்லாதீங்க.”

7

நாங்கள் கேட்ட சட்டத்துக்கான மசோதா சட்டமன்றக் குழுவிலேயே தங்கிவிட்டது. தோற்கவில்லையாம், எடுத்துக்கொள்ளப்படவில்லையாம். அடுத்த கூட்டத்தொடரில் பார்ப்போம் என்று நன்றிக் கடிதம் வந்தது. டோனா இப்போதே அடுத்த வருடத்துக்கான சனிக்கிழமைகளைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார். “உங்கள் கதை நீளம், ஆனால் குறைக்கலாம்,” என்று எழுதியிருக்கிறார். எதைக் குறைப்பது என்று தெரியவில்லை.

ஜூலையில் புதிய மாத்திரை வந்தது. பழையது வெள்ளை, இது நீலம். மருத்துவர் ஆறு மாதத்துக்குக் கார் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே தினமும் காலையில் நான்தான் அவளைக் கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன். ஒரு மணி நேரம். இரு பக்கமும் சோளம் ஆளுயரம் நிற்கிறது. அவள் பக்கத்து இருக்கையில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். இன்றோடு பத்தொன்பது நாள். இதுவரை ஒன்றுமில்லை.

வாய் இலேசாகத் திறந்தால் பார்க்கிறேன். கண்ணிமை துடித்தால் பார்க்கிறேன். பாட்டுக்கு விரல் தாளம் போட்டால் கூட, அது தாளம்தானா என்று பார்க்கிறேன். இன்று காலை அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“என்னையப் பாக்காதீங்கப்பா. ரோட்டப் பாருங்க.”

சரி என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச தூரம்தான்.